பள்ளிக் கணினியை ஃபார்மட் செய்யக் கொடுப்பதற்கு முன்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கணினி பழுதுபார்ப்பது என் தொழில். பள்ளிகளிலிருந்து வரும் கணினிகளுக்குப் பெரும்பாலும் ஒரே புகார்தான்: "வைரஸ் வந்துவிட்டது, ஃபார்மட் செய்து கொடுங்கள்." செய்தால் எனக்குக் கூலி. ஆனால் அடுத்த பள்ளி விடுமுறைக்குள் அதே கணினி, அதே சூதாட்ட விளம்பரத்தோடு திரும்பி வருகிறது. ஆரம்பப்பள்ளியில் சூதாட்ட விளம்பரம்!

பல நேரம் அது வைரஸே அல்ல, ஆட்வேர், அதாவது விளம்பரம் காட்டவென்றே ஏறும் மென்பொருள். யாரோ இலவச பிடிஎஃப் மென்பொருளை இறக்கியபோது கூடவே ஏறிக்கொண்டது. நிறுவும் திரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 'எக்ஸ்பிரஸ்' என்பது பெரிதாக, பரிந்துரை என்ற பட்டத்தோடு நிற்கும். 'கஸ்டம்' ஓரத்தில் சாம்பல் நிறத்தில், அமுக்கவே முடியாதது போல மங்கிக் கிடக்கும். அமுக்கலாம். உள்ளே போனால், பிரவுசரில் ஒட்டிக்கொள்ளும் வேண்டாத டூல்பாருக்கு முன்கூட்டியே டிக் போட்டு வைத்திருப்பார்கள். நாமே சம்மதம் சொல்லி ஏற்றியதால் ஆன்டிவைரசும் சில சமயம் வாய் திறக்காது.

பெரிய தளம்தானே என்றும் நம்பிவிட முடியாது. 2015-இல், மென்பொருள்களை இறக்கித் தரும் சோர்ஸ்ஃபோர்ஜ் தளம், 'கிம்ப்' என்ற இலவசப் படத்திருத்த மென்பொருளை விளம்பரப் பொதியோடு சேர்த்துக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டது. 2016-இல் புதிய உரிமையாளர்கள் வந்து அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள், அது வேறு கதை.

பிரவுசரின் முகப்புப் பக்கம் தானாக மாறியிருக்கிறதா? தேடினால் பெயர் தெரியாத தேடுபொறி வருகிறதா? விண்டோஸ் செட்டிங்ஸில் செயலிகளை நிறுவிய தேதி வாரியாக அடுக்குங்கள். தொல்லை தொடங்கிய நாளில் நுழைந்தவை ஒன்றாக நிற்கும். இன்னதென்று விசாரித்து, வேண்டாதவற்றை நீக்குங்கள். அப்புறம் பிரவுசரில் ஒட்டியிருக்கும் துணைச் செயலிகளான எக்ஸ்டென்ஷன்களையும் இதேபோல் பாருங்கள். பிறகு மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வேர் நீக்கியான ஆட்வ்கிளீனரை ஒருமுறை ஓட்டுங்கள். இலவசம்தான், ஆனால் அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். திரையின் வலது மூலையில் எட்டிப் பார்க்கும் விளம்பரம் பெரும்பாலும் ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்ததால் வருவது. அனுமதியை எடுத்தால் போய்விடும்.

சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். அன்றாடப் புழக்கத்துக்கு, கணினியில் எதையும் மாற்ற உரிமையுள்ள அட்மின் கணக்கு வேண்டாம், ஸ்டாண்டர்ட் கணக்கு போதும். அட்மின் பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். எல்லாவற்றையும் இது தடுக்காது, பெரும்பகுதியைத் தடுக்கும். தமிழில் தட்டச்சு செய்யவென்று கண்டதையும் இறக்க வேண்டியதில்லை. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது.

அடுத்த கூட்டத்தில் ஃபார்மட் செலவுக்குப் பணம் கேட்டு யாராவது எழுந்தால், இதையெல்லாம் செய்து பார்த்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஜார்ஜ்டவுனில் கணினி பழுதுபார்ப்பவன்