ஞாயிறு காலை சோக் சோதனை: எல்லாரும் வாருங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்குச் சுடுதளத்தில் கூடுகிறோம். சோக் என்பது ஷாட்கன் குழலின் முனையில் குண்டுகளின் சிதறலைக் கட்டுப்படுத்தும் குறுக்கம். பறவை வேட்டைக்கு எந்த சோக், கிளேக்கு (வீசி எறியும் களிமண் தட்டு) எந்த சோக் என்று அவரவர் ஷாட்கனிலேயே சுட்டுப் பார்த்துவிடலாம்.

1. உங்களிடமுள்ள எல்லா சோக் ட்யூப்களும், அவற்றைக் கழற்றும் சாவியும் கொண்டுவாருங்கள்.

2. வழக்கமாகச் சுடும் தோட்டாவே வேண்டும். தோட்டா மாறினால் சிதறலும் மாறும்.

3. 40 கஜத்தில் பெரிய தாளில் சுட்டு, 30 அங்குல வட்டம் போட்டு, துளைகளை எண்ணுவோம். இறுக்கமான ஃபுல் சோக்கில் குண்டுகளில் சுமார் 70%, நடுத்தரமான மாடிஃபைடில் 60%, விரிந்த இம்ப்ரூவ்டு சிலிண்டரில் 50% வட்டத்துக்குள் விழும் என்பது கணக்கு. ஆனால் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். என் மாடிஃபைட் ட்யூப் கிட்டத்தட்ட ஃபுல் மாதிரியே அடித்தது. வட்டத்தின் ஓரத்தில் கையகலத்துக்கு ஒரு துளைகூட இல்லை. பறவை தப்புவது அந்த இடைவெளியில்தான். ட்யூபில் பொறித்த பெயரை மட்டும் நம்பாதீர்கள்.

4. ஸ்கீட்டுக்கும் (தட்டு குறுக்கே பறக்கும் கிளே போட்டி) கிட்டே எழும்பும் பறவைக்கும் விரிந்த சோக் போதும். ட்ராப் என்ற கிளே போட்டியில் தட்டு நம்மைவிட்டு விலகிப் போவதால் மாடிஃபைட் அல்லது அதைவிட இறுக்கம்.

5. எஃகுக் குண்டு ஈயத்தைவிட நெருக்கமாக விழும். அதற்கு ஃபுல் வேண்டாம்.

6. ட்யூப் மாற்றும் முன் துப்பாக்கியைத் திறந்து, காலியா என்று கண்ணால் பாருங்கள். ட்யூப் இல்லாமல் சுடவே கூடாது, குழலின் மரை கெட்டுவிடும்.

7. கண்ணாடி, காதுக் கவசம் கட்டாயம்.

வருவோர் வெள்ளி மாலைக்குள் பெயர், கேஜ் (துப்பாக்கிக் குழலின் அளவு), ட்யூப் எண்ணிக்கை மூன்றையும் இங்கேயே பதிலிடுங்கள். அதற்கேற்பத் தாள் தயார் செய்ய வேண்டும்.