‘சுப்ரா’வைப் படிச்சுக் கொடுத்தவங்களுக்கு ஒரு நன்றி

எல்லாருக்கும் வணக்கம். மூணு வாரமா பழைய ஆஸ்திரேலியா பேப்பர்ல வந்த ஒரே ஒரு பத்தியை வச்சுக்கிட்டு உங்களைக் கேள்வி மேல கேள்வி கேட்டேன், நேத்து ராத்திரி அது கடைசி வரி வரைக்கும் முழுசா படிச்சாச்சு, அதான் எல்லார் முன்னாடியும் நன்றி சொல்லணும்னு உட்கார்ந்துட்டேன்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் மெட்ராஸ் மேல குண்டு போட்டுச்சுல்ல, அது ஆஸ்திரேலியா பேப்பர்கள்ல எப்படி வந்துச்சுன்னு எனக்குப் பார்க்கணும். எங்க ஆச்சி அவங்க அம்மா வயசையே "எம்டன் வந்த வருஷம் பொறந்தவ"ன்னுதான் கணக்கு சொல்லுவாங்க. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தோட ட்ரோவ்ங்கிற இணையதளத்துல பழைய பேப்பரெல்லாம் இலவசமாவே படிக்கலாம். ஆனா நான் எடுத்த பக்கம் மடிப்புல கறுத்துப்போய், பின்பக்கத்து மை வேற ஊறி, கம்ப்யூட்டர் படிச்சுக் கொடுத்த எழுத்துல பாதி சொல்லே இல்ல.

முதல் நன்றி அச்சகத்துல எழுத்து கோர்க்கிற கம்பாசிட்டரா வேலை பார்த்த ஐயாவுக்கு. ஈய எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு அகலம் இருக்கும்மா, 'எம்' பெருசு, 'ஐ' சிறுசு, மேல் வரியில இருக்கிற எழுத்தை வச்சு அந்த இடத்துல எத்தனை எழுத்து நிக்கும்னு அளந்து பாருன்னு சொன்னாரு. 'என்'னைத் தலைகீழா கோர்த்தா 'யூ' மாதிரி தெரியும், 'ஆர்'உம் 'என்'உம் ஒட்டினா 'எம்' ஆயிடும்னும் அவர்தான் காட்டினாரு. அதுக்கப்புறம் நான் ஊகிக்கிறதை நிறுத்திட்டு அளக்க ஆரம்பிச்சேன்.

தேதிக்குப் பக்கத்துல 'இன்ஸ்ட்'னு இருந்தா இதே மாசம், 'அல்ட்'னு இருந்தா போன மாசம்னு சொன்ன டீச்சர் அக்காவுக்கும், படத்தை நெகட்டிவ் மாதிரி மாத்திப் பாருங்கன்னு சொன்ன தம்பிக்கும் நன்றி, ரெண்டுமே உதவுச்சு.

ஆனா பெரிய முடிச்சு துறைமுகத்துல அடிபட்ட கப்பலோட பேர்தான். 'சி எச்', அப்புறம் ஒரு கறை, அப்புறம் 'பி ஆர் ஏ'. நான் 'சாப்ரா'ன்னே முடிவு பண்ணிட்டேன், பீகார்ல அப்படி ஒரு ஊர் இருக்கே. அப்போதான் சிட்னில இருக்கிற அண்ணன் ஒருத்தர், அந்தக் காலத்துல ஒரே தந்தியை பல ஊர் பேப்பர் போடும், இங்க அழிஞ்சது அங்க அழிஞ்சிருக்காது, அங்க போய்ப் பாருன்னாரு. பார்த்தேன். வேற ஊர் பேப்பர்ல அதே தந்தி, அதே வாக்கியம், கறை இல்லாம 'யூ'. கப்பல் பேரு சுப்ரா! அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அந்தக் கப்பல்ல உயிர் போனவங்களும் இருக்காங்க, பேரைத் தப்பா எழுதியிருந்தா எனக்கு மனசே ஆறியிருக்காது.

ட்ரோவ்ல நாமளே திருத்தலாம்ங்கிறதால அந்தப் பத்தியை வரிவரியா திருத்திப் போட்டுட்டேன். இன்னைக்குக் காலைல தேடுற இடத்துல சுப்ரான்னு அடிச்சேன், நம்ம பத்தி வந்து நிக்குது.