அட்சதைக்கு வால் முளைத்த கதை

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் 14 வருடமாகக் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். தாலி கட்டும் காட்சியை ஸ்லோ மோஷனில் கேட்காத வீடே இல்லை. ஆனால் என் கைக்கு வருவதில் பெரும்பாலானவை விநாடிக்கு 25 ஃபிரேமில், அதாவது 25 தனித்தனிப் படங்களாக, எடுத்தவை. அதைக் கால் வேகத்துக்குக் குறைத்தால் விநாடிக்கு ஆறு ஃபிரேம் சொச்சம்தான் நிஜம். மீதியை மென்பொருள் தானாக வரைந்து நிரப்ப வேண்டும்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு, இப்படி இடைப்பட்ட ஃபிரேம்களை வரையும் ஆப்டிகல் ஃப்ளோ வசதியைப் போட்டுப் பார்த்தேன். மணப்பெண்ணின் முகம் அழகாக நகர்ந்தது. அட்சதை விழ ஆரம்பித்ததும் ஒவ்வொரு அரிசிக்கும் வால் முளைத்தது; மாப்பிள்ளையின் விரல்கள் மஞ்சள் கயிற்றோடு சேர்ந்து மெழுகாய் உருகின. அந்தச் சில விநாடிகளை மறுபடி எடுக்க முடியுமா? சரி என்று சாதாரண வேகத்திலேயே விட்டேன். பெண்ணின் அம்மா முகம் வாடியது இன்னும் மனசில் நிற்கிறது.

கேமரா பிடிக்கும் தம்பிகளே, முகூர்த்தத்துக்கு முன்பே 100 ஃபிரேமுக்கு மாற்றிவிடுங்கள். எடிட்டிங்கில் விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் கால் வேகத்தில் ஓடவிட்டால் எடுத்த ஒவ்வொரு ஃபிரேமும் அப்படியே வரும், கற்பனைக்கு வேலையே இல்லை. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரத்தை, 1/200 விநாடி வையுங்கள். மண்டப விளக்கு மினுக்கினால் 1/100. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்; அதில் விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும் என்பதால் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்புறம், இந்த வேகத்தில் சில கேமராக்கள் ஒலியைப் பதியாது. கெட்டிமேளத்துக்கு இன்னொரு கேமரா ஓடட்டும்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் இதைப் படங்களோடு விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வீடியோ எடிட்டர்,
கும்பகோணம்.