வாளி எதனால் ஆனது என்று எழுதி வைத்தவர்களுக்கு

கப்பலின் அமரத்தில் நின்று கருவி இறக்கியவர்களுக்கும், எஞ்சின் அறையில் வெப்பமானி பார்த்தவர்களுக்கும், வலையோடு உணரியையும் சேர்த்து இழுத்தவர்களுக்கும், மங்கிய பதிவேடுகளைத் தட்டச்சு செய்து கொடுத்தவர்களுக்கும்,

வணக்கம்.

பசுங்குடில் வாயுக்களால் பூமியில் தங்கிவிடும் கூடுதல் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் போகிறது. கடல் பெரிது என்பதால், அவ்வளவு வெப்பமும் வெப்பமானியில் தெரிவது டிகிரியின் சில பத்தில் ஒரு பங்குகளாக, ஆழத்தில் நூறில் ஒரு பங்குகளாக. அந்த எண்களைச் சரிபார்த்துத் தொகுப்பது எங்கள் வேலை. எடுத்துக் கொடுத்தது நீங்கள். ஆனால் எண்ணுக்காக மட்டும் இந்த மடல் எழுதவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில், கேட்டும் கேட்காமலும், எப்படி எடுத்தீர்கள் என்று நாலு சொல் எழுதினீர்களே, அதற்காக.

முதல் நன்றி வாளிக்காரர்களுக்கு. கப்பல்கள் ஒரே படிவத்தில் வானிலையையும் நீரின் வெப்பத்தையும் குறிக்க வேண்டும் என்று 1853-இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய மாநாடு முடிவு செய்தது. அதன்பின் பல தலைமுறைகளுக்குக் கடல் மேற்பரப்பு வெப்பநிலை என்றால் கயிற்றில் கட்டி எறிந்த வாளிதான். மரவாளியின் சுவர் தடிப்பு. உள்ளே இருக்கும் நீர் மெதுவாகத்தான் ஆறும். கித்தான் வாளி அப்படியல்ல. சுவர் முழுக்க ஈரம், அதன் மேல் காற்று. மண்பானையில் நடப்பதே அங்கும் நடக்கும். மேலே இழுத்து வெப்பமானி வைப்பதற்குள் நீர் டிகிரியின் சில பத்தில் ஒரு பங்கு குளிர்ந்துவிடும். காற்று வலுத்தால் இன்னும் அதிகம். எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே எடுக்கும் நீரில் அளந்தால் பிழை எதிர்ப்பக்கம்: அறையின் சூடு குழாயில் ஏறி, அளவு கூடுதலாக வரும்.

இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1945 சாட்சி. போர்க்காலப் பதிவுகளில் பெரும்பாலானவை அமெரிக்கக் கப்பல்களிலிருந்து வந்தவை. அவற்றில் எஞ்சின் அறை அளவு மிகுதி. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் பங்கு உயர்ந்தது. அங்கே வாளி வழக்கம். உலகச் சராசரி வரைபடத்தில் அந்த ஆண்டு சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் சரிவு தெரிந்தது. கடல் ஒன்றும் திடீரென்று குளிர்ந்துவிடவில்லை, அளக்கும் முறைதான் மாறியது. இதை 2008-இல்தான் தெளிவாக எடுத்துக் காட்டினார்கள். காட்ட முடிந்ததற்குக் காரணம், எந்த நாட்டுக் கப்பல், எந்த முறை என்ற குறிப்பு ஒரு பகுதிப் பதிவுகளிலாவது மிஞ்சியிருந்ததே.

ஆகவே இன்றும் வாளி இறக்குகிறவர்கள் கவனிப்பவற்றைச் சொல்லி நன்றி கூறுகிறோம். கப்பலின் கழிவுநீர்த் துளைகளுக்கு முன்னால், அணியம் பக்கமாக எறிகிறீர்கள். முதல் வாளி நீரைக் கொட்டிவிடுகிறீர்கள், வாளியே கடலின் சூட்டுக்கு வரட்டும் என்று. இரண்டாவதை வெயிலும் காற்றும் படாத இடத்தில் வைத்து, வெப்பமானியால் கலக்கி, குமிழை நீருக்குள் வைத்தபடியே ஒரு நிமிடத்துக்குள் படிக்கிறீர்கள். வெளியே எடுத்துப் படித்தால் படித்தது ஈரம் உலர்ந்து குளிரும் குமிழின் வெப்பநிலை, கடலுடையது அல்ல.

தட்டச்சு செய்தவர்களுக்குத் தனி நன்றி. தசமப் புள்ளிக்கு அடுத்த இலக்கத்தை விடாமல் அடித்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. முன்னொரு காலத்தில் வடபசிபிக்கின் ஜப்பானியக் கப்பல் பதிவுகளைத் பழைய கணினிகள் படித்த துளை அட்டைக்கு மாற்றியபோது, ஃபாரன்ஹீட் அளவுகளின் தசமப் பகுதியை வெட்டிவிட்டார்கள். முழுமையாக்கியிருந்தால் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கும். வெட்டினால் எப்போதும் ஒரே பக்கம்தான்: 62.9 ஆனாலும் 62, 62.1 ஆனாலும் 62. கணக்குப் போட்டால் சராசரியாக 0.45 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது கால் டிகிரி செல்சியஸ் காணாமல் போகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடபசிபிக் ஏன் விநோதமாக நடந்துகொண்டது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொண்டதில் இந்த வெட்டுக்கும் பங்கு உண்டு. 2019-இல் வந்த ஆய்வுதான் அதைப் பிடித்தது.

அடுத்தது எக்ஸ்.பி.டி. எறிந்த சரக்குக் கப்பல் மாலுமிகள். ஓடும் கப்பலிலிருந்து எறிந்தால், விழும் வழியெல்லாம் நீரின் வெப்பத்தை அளந்து கம்பி வழியே அனுப்பும், திரும்ப எடுக்காத கருவி அது. வெளியில் இருப்பவர்கள் இந்தக் கருவியை ஆழமானி என்று நினைக்கிறார்கள். அதற்கு ஆழம் தெரியாது. நீருக்குள் விழுந்து எத்தனை நொடி ஆயிற்று என்பது மட்டுமே தெரியும். நொடிக்குச் சுமார் ஆறரை மீட்டர் வேகம் என்று கொண்டு ஆழத்தை நாங்கள் கணக்கிடுகிறோம். 1995-இல் வெளியான ஒப்பீட்டில், பரவலாகப் பயன்பட்ட டி-4, டி-6, டி-7 வகைகள் தயாரிப்பாளர் சொன்னதைவிட வேகமாக விழுகின்றன, பழைய ஆழத்தை 1.0336 ஆல் பெருக்க வேண்டும் என்று தெரிந்தது. 700 மீட்டர் என்று பதிவானது உண்மையில் 723-க்கு மேல். இங்கேதான் சிக்கல். எந்தக் கோப்பு ஏற்கனவே பெருக்கப்பட்டது, எது பெருக்கப்படவில்லை? குறிப்பு இல்லாவிட்டால் இரண்டு முறை திருத்திவிடும் ஆபத்து உண்டு. கருவியின் வகை, வரிசை எண், தயாரித்த தேதி, எறிந்த உயரம் ஆகிய நான்கையும் எழுதியவர்கள் எங்களை அதிலிருந்து காப்பாற்றினார்கள்.

எறியும் முறையிலும் உங்கள் கை தெரிகிறது. தலைமுடி போன்ற செப்புக்கம்பி இரண்டு சுருள்களிலிருந்து அவிழ்கிறது, ஒன்று கருவிக்குள், மற்றொன்று கப்பலில் இருக்கும் குப்பியில். அதனால் கப்பல் ஓடினாலும் கம்பி இழுபடாது. ஆனால் அது கப்பலின் பக்கத்தில் உரசினால் மேல்பூச்சு கீறும், உப்புநீர் மின்சுற்றில் புகும், வரைகோட்டில் ஊசி ஊசியாகக் குத்தும். காற்று கம்பியைக் கப்பலிலிருந்து விலக்கும் பக்கமாகப் பார்த்து எறிவது அதற்காகத்தான். எறிவதற்கு முன் இணைப்பு முனைகளில் படிந்த உப்பைத் துடைத்தவர்களையும் அறிவோம். அவர்கள் கோடு சுத்தமாக இருக்கும். வரைகோட்டின் முதல் நான்கு மீட்டரை நாங்கள் எப்படியும் விட்டுவிடுகிறோம், உணரி நீரின் வெப்பத்துக்கு வர அவ்வளவு ஆகும்.

மிதவைப் பகுதியைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஆர்கோ மிதவைகள் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. 1,000 மீட்டரில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 வரை இறங்கி, மேலே வரும் வழியெல்லாம் அளந்து, செயற்கைக்கோளுக்கு அனுப்பும். உங்களிடம் அது கேட்பது அரை மணி நேரம்: கப்பலை மணிக்கு ஓரிரு கடல்மைல் வேகத்துக்குக் குறைத்து, கயிற்றில் கட்டி நிமிர்ந்த நிலையில் மெல்ல இறக்குவது. அதற்குமுன் உப்பளவு உணரியின் நீர்த்துளைகளில் இருக்கும் அடைப்பான்களைக் கழற்றுவது. கழற்ற மறந்தால் மிதவை மூழ்கி எழுந்துகொண்டே இருக்கும், உப்பளவு மட்டும் பயனில்லாமல் போகும். கழற்றிய அடைப்பான்களை ஒட்டுநாடாவால் படிவத்திலேயே ஒட்டி அனுப்பினால் அதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது.

பிளாங்க்டன் எனப்படும், நீரோட்டத்தோடு மிதந்து வாழும் சிற்றுயிர்களைப் பிடிக்கும் பதிவுக்கருவியை 1931 முதல் சரக்குக் கப்பல்கள் பின்னால் கட்டி இழுத்து வருகின்றன. உள்ளே 270 மைக்ரோமீட்டர் கண்ணுள்ள பட்டுத்துணி நகர்ந்து, பிடித்ததை ஃபார்மலினுக்குள் சுருட்டிக்கொள்ளும். பத்துக் கடல்மைலுக்கு ஒரு மாதிரி. இறக்கிய நேரம், திசை மாறிய நேரம், தூக்கிய நேரம் மூன்றும் இல்லாவிட்டால் அந்தத் துணியின் எந்தத் துண்டு எந்தக் கடல் என்று சொல்ல வழியில்லை. வட அட்லாண்டிக்கில் மேலோடு உடைய சிறு பிளாங்க்டன் உயிரிகள் வடக்கே நகர்ந்த கதை அந்த நேரக் குறிப்புகளிலிருந்து வந்தது. இன்னொன்றும் வந்தது, அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. கருவி ஏதாவதில் சிக்கி நின்றால், எதில் சிக்கியது என்று எழுதி வைப்பார்கள். 1957-இல் இழுவலைக் கயிறு, 1965-இல் அயர்லாந்துக்கு அப்பால் ஒரு பிளாஸ்டிக் பை. கெட்டுப்போன இழுவைகளின் குறிப்புகளைச் சேர்த்தபோது, திறந்த கடலில் பிளாஸ்டிக் பெருகிய வரலாறு கிடைத்தது. எங்கள் பிடித்தமான குறிப்பு இதுதான், ஒளிக்காமல் சொல்கிறோம்.

மீனவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. செயற்கைக்கோள் கடலின் தோலை மட்டுமே பார்க்கும். ஆர்கோ ஆழம் குறைந்த இடங்களை எட்டுவது அரிது. மீன் அதிகம் பிடிபடும், கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கண்டத்திட்டின் தரைமட்ட வெப்பம் உங்கள் வலையிலும் கூண்டிலும்தான் இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் சிங்கிறால் கூண்டுகளில் 2001 முதல் இப்படி அளந்து வருகிறார்கள். உணரியை, வலையின் வாயை விரித்துவைக்கும் இழுபலகையில் கட்டியவர்கள் எதிர்கொண்ட பிழைகள் பெரும்பாலும் மூன்று: மேல்தளத்தில் வெயிலில் கிடந்து சூடான உறை கடலில் ஆறும்வரை தரும் பொய்யான அளவு, சேற்றில் புதைந்து நீரை அல்லாமல் மண்ணை அளப்பது, கடிகாரம் கரை நேரத்திலும் பதிவேடு உலக நேரத்திலும் இருப்பது. முதலிரண்டையும் வரைகோட்டின் வடிவத்தைப் பார்த்தே நீக்கிவிடலாம். மூன்றாவதை நீங்கள் சொன்னால்தான் தெரியும். மீன்பிடி இடத்தை வெளியிடாமல் காக்கச் சொன்னீர்கள். அது நியாயம், துல்லிய இடத்தைக் குறைத்தே பொதுத் தொகுப்பில் வைக்க வேண்டும்.

அடையாளவில்லை கட்டிய மீனைப் பிடித்து வில்லையைத் திருப்பி அனுப்பியவர்களுக்கும் நன்றி. எண்ணோடு பிடித்த தேதியையும் எழுதினீர்கள், கரைக்கு வந்த தேதியை அல்ல; நீளத்தை வால் நுனி வரையா, வால் கவை வரையா என்று குறித்தீர்கள். தலையையும் பனிக்கட்டியில் வைத்துக் கொடுத்தீர்கள், மீனின் காதுக்குள் இருக்கும் செவிக்கல்லின் வளையங்களை எண்ணி வயது பார்க்க. ஒருவேளை அடுத்தமுறை பனிக்கட்டி இல்லையென்றால், கல்லைக் கழுவி, உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். ஃபார்மலின் வேண்டாம். அது நாளாக ஆக அமிலமாகும், கல் சுண்ணாம்பு, கரைந்துவிடும்.

பதிவேட்டில் தவறாக எழுதிவிட்டால் அழிக்காமல் ஒற்றைக் கோடு போட்டுப் பக்கத்தில் திருத்தியிருக்கிறீர்கள். அப்படியே தொடருங்கள். அடித்த எண்ணையும் நாங்கள் படிக்கிறோம்.

நன்றியுடன்,
கடல் அளவுகளைச் சரிபார்த்துத் தொகுப்போர்