கேள்வித்தாளை முடிக்கும் முன் ஒரு வேண்டுகோள்

குழு நண்பர்களுக்கு வணக்கம். சுகாதார ஆய்வுக்கான கேள்வித்தாளை அச்சுக்குக் கொடுப்பதைக் கொஞ்சம் நிறுத்திவைப்போம். நோயாளிகள், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர், செவிலியர்கள், நிதி ஒதுக்கும் அதிகாரிகள் எல்லாருடனும் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிட்டு, அப்புறம் முடிவு செய்யலாம்.

தங்கள் சுகாதாரப் பணிகளைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமை, கடமை என்று 1978-இலேயே, ஆரம்ப சுகாதாரம் பற்றிய உலக மாநாட்டில் வெளியான அல்மா ஆட்டா பிரகடனம் சொல்லிவிட்டது. அதற்கும் முன்பு, 1969-இல், அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் அதில் நடுப்படிகள்தான். முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கைக்கு வருவது மேல்படிகளில். நாம் இன்னும் நடுவிலேயே நிற்கிறோம் என்பது என் எண்ணம்.

அதிகாரியும் நோயாளியும் ஒரே கூட்டத்தில் இருந்தால் நோயாளி வாய் திறக்கத் தயங்குவார். அதனால் முதலில் தனித்தனியாகச் சந்திப்போம். வருகிறவர்களின் பயணச் செலவும் அன்று இழக்கும் கூலியும் நம் பட்ஜெட்டில் கட்டாயம் இருக்க வேண்டும். முடிவுகளையும் வெளியிடும் முன் அவர்களிடமே எளிய மொழியில் காட்டுவோம்.

யார் யாரைச் சந்திக்கலாம் என்று ஞாயிறு இரவுக்குள் இங்கே எழுதுங்கள். இதுவரை யாரும் போய்க் கேட்காதவர்களை முதலில் யோசியுங்கள்.