மூளைக் கட்டியையும் தாடைக் கட்டியையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு எங்கள் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

கிரேனியோஃபரிஞ்சியோமாவையும் அமெலோபிளாஸ்டோமாவையும் அருகருகே வைத்துப் பார்த்த எங்கள் ஒப்பாய்வு நிறைவடைந்துவிட்டது. முதலாவது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை ஒட்டிப் பார்வை நரம்புகளை நெருக்கும் கட்டி. இரண்டாவது, பெரும்பாலும் கீழ்த்தாடையின் கடைவாய்ப் பக்கத்தில் எலும்பை உப்பவைக்கும் கட்டி. இரண்டுமே புற்று அல்ல, ஆனால் மிச்சம் வைத்தால் திரும்ப வரும். கருவில் வாயின் கூரையிலிருந்து மேலேறும் ராத்கே பையின் எச்சத்திலிருந்து ஒன்று வருகிறது, பல் முளைக்கவைக்கும் மேலணித் திசுவான எபிதீலியத்திலிருந்து மற்றது. பிறந்த வீடு ஒன்றுதான்: கருவின் வாய்.

முதல் நன்றி தியேட்டர் செவிலியர்களுக்கு. மூளைக் கட்டியின் நீர்ப்பையைத் திறந்ததும் எஞ்சின் ஆயில் போலக் கரும்பழுப்பாக ஒரு நீர் வரும். வழக்கமாக அது சக்‌ஷன் பாட்டிலோடு போய்விடும். நீங்கள் அதைச் சிரிஞ்சில் பிடித்துத் தனிக் குப்பியில் அனுப்பினீர்கள். சாயம் எதுவுமின்றி ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்தாலே மூலை உடைந்த கண்ணாடிச் சில்லுகள் போலக் கொலஸ்ட்ரால் படிகங்கள் தெரியும். திசுவைச் சலைனில் போடாமல், அதன் அளவைப் போல 10 மடங்கு ஃபார்மலின் ஊற்றி, வாயகன்ற டப்பாவில் கொடுத்தீர்கள். குறுகிய வாய் கொண்ட பாட்டிலில் திணித்த தாடைத் துண்டு விறைத்த பிறகு வெளியே வராது.

தாடை அறுவை மருத்துவர்கள் வெட்டு ஓரங்களில் தையல் போட்டு எது முன், எது பின் என்று குறித்து அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் தெரியும் எல்லையைத் தாண்டி அமெலோபிளாஸ்டோமா மஜ்ஜை இடுக்குகளில் ஊர்ந்து போகிறது. சுரண்டி மட்டும் எடுத்தால் அடிக்கடி திரும்புவதும், 1 முதல் 2 செ.மீ. வரை நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டுவதும் இதனால்தான். குறியில்லாத துண்டில் எந்த ஓரத்தில் கட்டி மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. நரம்பு அறுவை மருத்துவர்கள் கட்டியின் ஓரத்தோடு நிறுத்தாமல் உள்ளிருந்தும் ஒரு துண்டு தந்தார்கள். ஓரத்து மூளைத் திசுவில் ரோசென்தால் இழைகள் என்னும் தடித்த நார்கள் மண்டிக் கிடக்கும். அதை மட்டும் பார்த்தால் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற வேறொரு மூளைக் கட்டி என்று தவறாக எழுத நேரும்.

பெரிய நன்றி ஹிஸ்டோ லேப் டெக்னீஷியன்களுக்கு. நைட்ரிக் அமிலத்தில் எலும்பு சீக்கிரம் மிருதுவாகும், ஆனால் டிஎன்ஏ சிதைந்துவிடும். நீங்கள் மென்மையான கட்டிப் பகுதியை முதலிலேயே பிரித்து, சுண்ணாம்பு நீக்காமல் தனி கேசட்டில் போட்டீர்கள். எலும்பை மட்டும் சுண்ணாம்பை மெல்ல நீக்கும் இடிடிஏ கரைசலில் வைத்து, கரைசலை மாற்றி மாற்றி வாரக்கணக்கில் பொறுத்தீர்கள். அந்தப் பொறுமை இல்லாவிட்டால் மரபணுச் சோதனையே நடந்திருக்காது.

பல் நோய்க்குறியியல் துறை நண்பர்களே, தாடையில் வரும், சுண்ணாம்பு படியும் பல்வழி நீர்க்கட்டியின் பிளாக்குகளையும் (மெழுகில் பதித்த திசுத் துண்டுகள்) சேருங்கள் என்று வற்புறுத்தினீர்கள். ஒப்பாய்வின் திசையை மாற்றியது அந்தச் சொல்தான். கிரேனியோஃபரிஞ்சியோமாவின் இரு வகைகளில் ஒன்றான அடமான்டினோமேட்டஸ் வகை மூளைக் கட்டியும் அமெலோபிளாஸ்டோமாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்: வெளி வரிசையில் வேலிபோல நெடிய செல்கள், உள்ளே நட்சத்திர வடிவச் செல்கள். ஆனால் அமெலோபிளாஸ்டோமாவில் உட்கரு அடிச்சவ்வை விட்டு மேலே விலகியிருக்கும். அந்த மூளைக் கட்டியிலோ ஈரக் கெரட்டினும் (தோல், நகத்தில் உள்ள புரதம்) உட்கரு மறைந்த ஆவிச் செல்களும் சுண்ணாம்பும் இருக்கும். இவை அமெலோபிளாஸ்டோமாவின் அடையாளமல்ல, நீங்கள் சேர்க்கச் சொன்ன நீர்க்கட்டியின் அடையாளம். அந்த மூளைக் கட்டியிலும் இந்த நீர்க்கட்டியிலும் மாறுவது சிடிஎன்என்பி1 மரபணு. கீழ்த்தாடை அமெலோபிளாஸ்டோமாக்களில் பெரும்பாலானவற்றில் காணும் பிராஃப் மரபணுவின் வி600இ மாற்றமோ, பெரியவர்களுக்கு வரும் மற்ற வகையான பாப்பிலரி வகை மூளைக் கட்டியில் இருக்கிறது. முகச்சாயலில் ஒரு ஜோடி, மரபணுவில் வேறு ஜோடி. இரு கட்டிகளிலும் பிராஃப் மாற்றம் 2014-ல்தான் வெளியானது.

சாயம் போட்ட அன்பர்களுக்கு ஒரு தனி வார்த்தை. சிடிஎன்என்பி1 மரபணு தரும் புரதமான பீட்டா-கேட்டனினுக்கான சாயம் எல்லாச் செல்களின் ஓரத்திலும் பிடிக்கும். அந்த மரபணு மாறிய மூளைக் கட்டியில் உட்கருவில் பிடிப்பது அங்கங்கே சிறு கொத்துகளில் மட்டுமே. சின்ன பயாப்ஸியில் முதல் வெட்டில் அது தெரியாமல் போனபோது, பிளாக்கில் இன்னும் ஆழமாக வெட்டிக் கொடுத்தீர்கள். பிராஃபுக்கான விஇ1 சாயம் செல்களின் மேலுள்ள மயிரிழைகளான சிலியாக்களிலும் ஒட்டும் என்பதால், சிலியாக்கள் கொண்ட ராத்கே நீர்ப்பையைப் பாப்பிலரி வகை என்று எண்ணிவிடாதபடி சந்தேகமானவற்றை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பினீர்கள்.

திசுவைப் பயன்படுத்த ஒப்புதல் தந்த நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் எப்படி நன்றி சொல்வது! பாப்பிலரி வகைக்கு பிராஃப், மெக் ஆகிய புரதங்களைத் தடுக்கும் மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்த சோதனை 2023-ல் வெளியானது. அதில் 16 பேரில் 15 பேருக்குக் கட்டி சுருங்கியது. உங்கள் பிளாக்குகள் எண்ணிட்டு எங்கள் அலமாரியில் பத்திரமாக உள்ளன. பிற்காலத்தில் எந்த மருத்துவமனை கேட்டாலும், ரிப்போர்ட்டில் உள்ள பயாப்ஸி எண்ணோடு வாருங்கள், எடுத்துத் தருகிறோம்.

நன்றியுடன்,
நோய்க்குறியியல் துறையினர்