வலைச் சண்டையை உட்கார்ந்து பேச வைத்த எல்லோருக்கும்

திருகோணமலைக் கரையோரத்தில் வலைத் தகராறுகளைப் பேசத் தமிழ், முஸ்லிம், சிங்கள மீனவர்களை ஒன்றாக உட்காரவைத்துக் கடந்த பருவம் முழுக்க நடந்த கலந்துரையாடல்களுக்குப் பணத்தாலும் இடத்தாலும் உழைப்பாலும் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல். பலருக்கு நேரில் நன்றி சொல்லிவிட்டோம். ஆனாலும் புல்மோட்டையில் இருந்து மூதூர் வரை பரந்து இருக்கிறீர்கள், எழுத்திலும் இருக்கட்டும்.

முதலில் நிதி தந்தவர்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டதால் போடவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகும், 2009இல் போர் முடிந்த பிறகும் நல்லிணக்கம் என்ற பெயரில் இந்த மாவட்டத்துக்கு நிறையத் திட்டங்கள் வந்தன. ஹோட்டல் மண்டபம், பதாகை, ஒரே நிறத்தில் டீ-சேர்ட், மதியச் சாப்பாடு, குழுப்படம். நல்லவையும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் அனேகமானவற்றில் ஏற்கெனவே எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயத்தைத்தான் பேசினோம். சமாதானம் வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? அடிபிடி வரும் விஷயம் மண்டபத்துக்கு வெளியே நின்றது.

அதனால்தான் எங்கள் முன்மொழிவில் வலை என்று எழுதினோம். இது கடற்றொழில் விவகாரமாச்சே, சமூக உரையாடலுக்கான மானியத்தில் இதற்கு என்ன வேலை என்று நிதியாளர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இங்கே கடல் அமைதியாக இருக்கும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத் தொழிலாளிகள் தலைமுறை தலைமுறையாக அந்த மாதங்களில் வந்து கரையில் வாடி, அதாவது தற்காலிகக் குடில், போடுகிறார்கள். அதே கடலில் கரையில் நின்று இழுக்கும் கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டியும் இருக்கிறார், தூண்டில் போடும் சிறு வள்ளக்காரரும் இருக்கிறார், மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளும் சுருக்கு வலையின் முதலாளியும் இருக்கிறார். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் டைனமைட் வெடித்து மீன் பிடிப்பதைத் தடை செய்திருக்கிறது. எந்த வலையை எங்கே, எப்படிப் பாவிக்கலாம் என்பதற்கும் ஒழுங்குவிதிகள் உண்டு. ஆனால் ஒரு வலை அறுபட்டால் வலையைப் பற்றிய பேச்சு மாலைக்குள் முடிந்து, சிங்கள வள்ளமா, முஸ்லிம் வள்ளமா, தமிழ் வள்ளமா என்பதுதான் ஊரில் மிஞ்சும். மூன்று சமூகங்களில் எதுவும் பாதிக்கு மேல் இல்லாத மாவட்டம் இது. இங்கே வலையைப் பேசாமல் நல்லிணக்கத்தைப் பேசுவது சும்மா நேரம் போக்குவது. இதைத்தான் பதிலாக எழுதினோம். ஏற்றுக்கொண்டார்கள்.

அவர்கள் செய்த இன்னோர் உதவி வெளியில் தெரியாது. கூட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லவில்லை. மற்றப் பகுதி ஆட்களோடு ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் படம் போனில் சுற்றினால், சொந்த ஊர்க் கரையில் அவருக்கு என்ன பெயர் வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று கூட்டம் முடிந்த பிறகு விசாரிக்க வருவதும் நம் ஊரில் புதிதல்ல. கையெழுத்துத் தாளும் பற்றுச்சீட்டும் போதும் என்றார்கள். இனி நம் பக்கத்துக்கு மானியம் தர நினைக்கும் எவரும் தயவுசெய்து இதைக் கவனிக்கவும்.

பணம் எதற்குப் போனது? அதிகம் போனது மொழிபெயர்ப்புக்கு. தமிழ் 1987இலேயே அரசியலமைப்பில் அரசகரும மொழியாகிவிட்டது. கடற்கரையில் ஒருவரோடு ஒருவர் முழுசாகச் சண்டை பிடிக்கத்தான் இன்னும் மொழி போதவில்லை. கந்தளாயில் இருந்து பஸ் ஏறி வந்த மிஸ்ஸுக்குத் தனி நன்றி. ஏச்சை ஏச்சாகவே மொழிபெயர்த்தார், சர்க்கரை தடவவில்லை. "மிஸ், அதைக் கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க" என்று நாங்கள் கண் காட்டியபோதும் அவர் கேட்கவில்லை. அவர் செய்ததுதான் சரி.

மற்றவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, "ஓம், அதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒத்துக்கொண்ட பிறகே பதில் பேசலாம் என்ற விதியையும் மிஸ்தான் விடாமல் பிடித்தார். இது என்ன பாலர் வகுப்பா என்று முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒரு நாள், கிண்ணியாவில் இருந்து வந்த முஸ்லிம் நானா (அண்ணன்) ஒருவர், தன் வலையை அறுத்ததாகத் தான் சந்தேகப்பட்ட வாடிக்காரரின் கடன் கதையை வட்டியோடு சேர்த்துத் திருப்பிச் சொன்னார். அந்த மனிதர் நிறைய நேரம் ஒன்றும் பேசவில்லை. வலையை யார் அறுத்தது என்பது இன்றுவரை தெரியாது.

நாள் பார்த்துத் தந்தவர்களுக்கும் நன்றி. வெள்ளி ஜும்மா, ஞாயிறு பூசை, பௌர்ணமிப் போயா, நோன்பு, கோயில் திருவிழா எல்லாம் கழித்து, கடலுக்குப் போகாத பொழுதும் பார்த்துக் கூட்டம் வைப்பது கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதை விடக் கஷ்டம். வாசிகசாலையைத் திறந்து தந்த தலைவருக்கும், பிளேன்டியும் மாலுபணிஸும் (மீன் பணிஸ்) கடனுக்குத் தந்த கடைக்கார அண்ணைக்கும், மானியத்தின் இரண்டாம் தவணை பிந்தியபோது வாடகை கேட்காமல் ஓடிய ஓட்டோக்காரத் தம்பிமாருக்கும் நன்றி.

கருவாடு போடும் அக்காமாரை மறக்க முடியாது. பின்னேரக் கூட்டம் தங்களுக்குச் சரிவராது என்று சொல்லி நேரத்தை மாற்ற வைத்தவர்கள் அவர்கள். சண்டை வந்தால் மீன் வராது, மீன் வராவிட்டால் அடுப்பு எரியாது என்ற கணக்கை ஆண்களுக்கு முன்னால் வைத்ததும் அவர்கள்தான். பாதியில் கோபித்து எழுந்து போனவர்களுக்கும் நன்றி. வராமலே இருந்திருக்கலாம், வந்து கோபித்தார்கள்.

சுருக்கு வலைப் பிரச்சினை தீரவில்லை. அதைத் தீர்க்கும் அதிகாரம் எங்களிடம் இல்லை, கூட்டங்களுக்கு வந்து பொறுமையாக ஏச்சு வாங்கிய கடற்றொழில் பரிசோதகரிடமும் முழுசாக இல்லை. மாறியது ஒன்றுதான்: மூன்று பகுதி ஆட்களிடமும் மற்றவர் போன் நம்பர் இருக்கிறது, வதந்தி வந்தால் முதலில் போன் அடித்துக் கேட்கிறார்கள்.

வரவுசெலவுக் கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் வாசிகசாலைப் பலகையில் ஒட்டியிருக்கிறது. மிஞ்சிய சிறு தொகையை அடுத்த பருவத்தின் மொழிபெயர்ப்புச் செலவுக்கு வைத்துக்கொள்ள நிதியாளர்கள் அனுமதி தந்திருக்கிறார்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் பொருளாளரிடம் நேரில் கேளுங்கள், பற்றுச்சீட்டுக் கட்டு அவரிடம்தான் இருக்கிறது.

நன்றியுடன்,
ஏற்பாட்டுக் குழு சார்பில்,
செயலாளர்,
திருகோணமலை.